காக்காக் கடி

கமர்கட்டைப் பாவாடை ஓரத்தில் வைத்துச் சுற்றி, துணியோடு சேர்த்துக் கடித்து உடைத்தால் அது காக்காக் கடி. பல் படும், எச்சில் படாது. அதனால் யாரும் யாருக்கும் கொடுக்கலாம், யாரும் வாங்கித் தின்னலாம். ஆறாம் வகுப்பின் முதல் வாரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் எனக்கு முதன்முதலில் கொடுத்தது அப்படி உடைத்த பாதிக் கமர்கட்டுதான். எட்டாம் வகுப்புக்கு வந்தபோது நாங்கள் துணி வைப்பதை விட்டிருந்தோம். எந்த நாளில் விட்டோம் என்று இருவருக்குமே தெரியாது. மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்றை அவள் ஒரு கடி கடித்துவிட்டு நீட்டுவாள், நான் ஒரு கடி கடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். வீட்டில் பார்த்திருந்தால் அம்மா அடித்திருப்பாள். யார் எச்சிலை யார் தொடலாம் என்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. அதில் சாதி இருக்கிறது, வயது இருக்கிறது, ஆண் பெண் இருக்கிறது. அதையெல்லாம் தாண்டிய இடத்தில் நாங்கள் இருந்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் மணிமங்கலம். பெரிய ஏரி, ராஜகோபாலப் பெருமாள் கோயில், தர்மேஸ்வரர் கோயில். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரின் பெயர் ஒரு போரால்தான் தெரியும். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு மணிமங்கலத்தைச் சொல்கிறது. கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தைப் படித்தவர்கள் ஊர்ப்பெயரைக் கேட்டதும், “ஓ, அந்த மணிமங்கலமா?” என்பார்கள். எனக்கு அந்தப் போரைவிட, அதே நரசிம்மவர்மனைப் பற்றி இலங்கையின் சூளவம்சம் சொல்லும் ஒரு சின்னக் கதைதான் முக்கியம்.

நாட்டை இழந்த இலங்கை இளவரசன் மானவர்மன் பல்லவ அரசனிடம் வந்து அடைக்கலமாக இருக்கிறான். ஒருநாள் இருவரும் உலாப் போகையில் அரசன் இளநீர் குடிக்கிறான், குடித்த காயை மானவர்மனிடம் நீட்டுகிறான். மானவர்மன் ஒரு கணம் யோசிக்கிறான். இவன் என் நண்பன், நண்பனிடத்தில் எச்சில் என்று என்ன இருக்கிறது என்று நினைத்து வாங்கிக் குடிக்கிறான். கதை அங்கே முடிந்திருந்தால் அது விசுவாசக் கதை, அவ்வளவுதான். அரசன் அந்தக் காயைத் திரும்ப வாங்கி, அவன் குடித்த மிச்சத்தைக் குடிக்கிறான். அன்று முதல் சாப்பாட்டிலும் படுக்கையிலும் வாகனத்திலும் மானவர்மனைத் தனக்குச் சமமாக நடத்தினான் என்கிறது சூளவம்சம்.

அதன்பின் வல்லபன் படையெடுத்து வருகிறான். இந்த வல்லபன் சாளுக்கிய அரசன் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். தன் நாட்டை மீட்கும் நம்பிக்கையில் இரவுபகலாகத் தன்னோடு இருப்பவன் இந்தப் போரில் செத்துப்போனால் என்ன ஆகும் என்று நினைத்த பல்லவன், மானவர்மனைத் தலைநகரிலேயே விட்டுவிட்டுப் போருக்குப் போகிறான். விட்டுவிட்டுப் போனதை மானவர்மனால் தாங்க முடியவில்லை. அரசன் இறந்து நான் உயிரோடு இருந்தால் இத்தனை நாள் என்மேல் வைத்த நம்பிக்கைக்கு என்ன பொருள் என்று கேட்டுக்கொண்டு, படையைத் திரட்டிக்கொண்டு போர்க்களத்துக்கே வந்து நிற்கிறான். நண்பனுக்கு நல்லது என்று நினைத்து அவனை ஒதுக்கி வைப்பதுகூட அவனை அவமதிப்பதாகிவிடும் என்பதை இந்தக் கதையிலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன். ஆனால் இதைப் படித்தபோது எனக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தெரிந்த மணிமங்கலத்தில் மானவர்மன் இல்லை, கம்பெனி பஸ் இருந்தது.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது 1998இல். நான் அப்போது பள்ளிக்கூடம் சேரும் வயதுக் குழந்தை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலிருந்து ரெனோ-நிசான் கார் வந்தது. நாங்கள் வளர்ந்த வருஷங்கள் இவற்றின் இடையில் கிடக்கின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரை ரோட்டில் பெரிய கண்ணாடி வைத்த பஸ்கள் வந்து நிற்கும். கழுத்தில் ஐடி கார்டு தொங்க அக்காக்களும் அண்ணன்களும் ஏறுவார்கள். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று எங்கள் வீடுகளில் நேரத்துக்கே புதுப் பெயர் வந்துவிட்டது. கூடவே ஒரு வரிசையும் வந்தது. மேலே பர்மனென்ட், அடுத்து டிரெய்னி, கீழே கான்ட்ராக்ட். கான்ட்ராக்டிலும் லைனில் நிற்பவர் ஒரு படி மேல், கேண்டீனும் ஹவுஸ்கீப்பிங்கும் ஒரு படி கீழ். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வரிசை மனப்பாடம். ஏற்கெனவே ஊரில் தெருவுக்குத் தெரு இருந்த மேல் கீழோடு இதுவும் வந்து சேர்ந்துகொண்டது. சீருடை எல்லோருக்கும் ஒன்றாக இருந்த வகுப்பறைக்குள் யார் வீட்டில் யார் என்ன வேலை என்பது ஒரு மதிப்பெண் பட்டியலைப்போல எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுடைய அக்காவும் வேலைக்குப் போனாள். சாதாரணச் சுடிதாரில் வேனில் ஏறிப் போவாள். உள்ளே போய்த்தான் யூனிபார்ம் மாற்றுவாள். ஒரு கம்பெனியின் கேண்டீனில், கான்ட்ராக்டர் மூலமாகச் சேர்ந்து, தட்டு கழுவுகிற வேலை. ஒரு ஷிப்டுக்கு எத்தனை நூறு தட்டு என்று அக்கா கணக்குச் சொல்வாள். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெடித்திருக்கும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு இதெல்லாம் தெரியும், ஏனென்றால் அந்த வீட்டுக்குள் போய் வந்தவள் வகுப்பிலேயே நான் ஒருத்திதான். மற்றவர்கள் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள்.

ஒன்பதாம் வகுப்பில், ஜன்னலோரமாக வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் நாலைந்து பேர் கொண்ட கூட்டம் ஒன்று உண்டு. எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்கள் சிரித்தால் வகுப்பு சிரிக்கும். அவர்கள் ஒருத்தியோடு பேச்சை நிறுத்தினால், மறுநாள் அவளோடு பேசுபவர்கள் பாதியாகக் குறைவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஒருநாள் அவளிடம் கேட்டாள்.

“ஏய், உங்க அக்கா கம்பெனிக்குப் போறாங்களாமே?”

“ஆமா.”

“லைன்லயா?”

அவள் கொஞ்சம் தாமதித்தாள். பிறகு “ம்” என்றாள்.

அந்தப் பொய்யின் நீளம் ஒரே ஓர் எழுத்து. அதற்குப் பிறகு வந்தவற்றை அவள் தானாகச் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். உள்ள ஏசியா? ஒரு நாளைக்கு எத்தனை பீஸ்? வெள்ளைக் கோட்டு போட்டுப்பாங்களா? தலையில தொப்பியா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிலுக்கு அச்சாரம் கொடுத்துவிட்டுப் போனது, மறுநாள் அவள் அதைக் கொண்டு வந்து கொடுத்தாள். இந்த வயதில் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு அது தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைகள் பீலா விடுகிறார்கள், சீன் போடுகிறார்கள் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் அலுத்துக்கொள்கிறார்கள். கேட்கிற காதுகள் வரிசையில் நிற்காமல் எந்தப் பிள்ளையும் அப்படி மாதக்கணக்கில் பொய் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவள் சொன்னதில் பாதிக்கு மேல் நாங்கள் ஆசைப்பட்டது. ஒவ்வொருத்திக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. அவள் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

நன்றாகவும் சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்து சொன்னாள். 1999இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெல்ட்மன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 11 முதல் 16 வயதுவரையிலான பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். நன்றாக இல்லாத பானத்தைக் குடிக்கவைத்து, நன்றாக இருக்கிறது என்று நம்பும்படி சொல்லச் சொன்னார்கள். சக பிள்ளைகளோடு பழகுவதில் கெட்டிக்காரர்களாக இருந்தவர்களே பொய்யையும் பிடிபடாமல் சொன்னார்கள். பொய் சொல்லத் தெரிந்ததால் செல்வாக்கு வந்ததா, செல்வாக்கு வந்ததால் பொய் பழகியதா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. என் தோழி விஷயத்தில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போயின. இரண்டு மாதத்தில் அவளுக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்துவிட்டது.

எனக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமை இல்லை. மதிய இடைவேளையில் என் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைக் கூப்பிட்டாள். ஒருமுறை இல்லை, பலமுறை கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கூப்பிட்டுப் போக வேண்டும் என்றிருந்தது.

ஒருநாள் அவள் பள்ளிக்கு வராதபோது அவர்கள் கூப்பிட்டார்கள். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி தன் டிபனிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள். பிறகு கேட்டாள். “நீ அவங்க வீட்டுக்கெல்லாம் போவல்ல? நெஜமாவே அவங்க அக்கா லைன்லயாடி?”

“கேண்டீன்ல. தட்டு கழுவுறாங்க” என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. எண்ணிப் பார்த்தால் மூன்றே சொற்கள்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் மூன்று டிபன் பாக்ஸ்கள் கழுவாமல் அவள் மேசைமேல் வந்து உட்கார்ந்தன. “வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. உங்க அக்கா கழுவித் தரட்டும்” என்று ஒரு குரல். குழம்பு வழிந்து அவளுடைய சமூக அறிவியல் நோட்டின் அட்டையில் இறங்கியது. அவள் அழவில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் வீட்டு அடுக்களை தெரிந்தவள் நான் ஒருத்திதானே. ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு நோட்டைத் துடைத்தாள்.

மணி அடித்தது. டீச்சர் உள்ளே வந்ததும் மேசையைப் பார்த்து, “யாருதும்மா இதெல்லாம்? இது என்ன கிளாஸா, ஓட்டலா?” என்றார். வகுப்பு மூச்சுவிடாமல் இருந்தது. கைகாட்ட ஒரு விரல் போதும், மூன்று பேரும் வெளியே முட்டி போட்டிருப்பார்கள். அவள் எழுந்து நின்றாள்.

“என்னுதுதான் மிஸ். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்.”

மூன்று பாக்ஸையும் பைக்குள் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று அந்த வகுப்பறையில் உண்மை சொன்னவள் நான், பொய் சொன்னவள் அவள். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, சொல் நடந்ததோடு பொருந்துகிறதா என்று கேட்பதில்லை. அந்தச் சொல்லால் யாருக்காவது கேடு வந்ததா என்றுதான் கேட்கிறார். அந்தக் குறளை மனப்பாடம் செய்து ஒப்பித்து மதிப்பெண்ணும் வாங்கியவள் நான்.

பல வருஷம் என்னையே நான் தேற்றிக்கொண்டிருந்தேன். அவள் பொய் சொன்னாள், ஒருநாள் வெளியே வரத்தானே போகிறது, நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று. அந்தத் தேறுதலை உடைத்தது பெரியபுராணம். பாடியவர் எங்களூருக்கு அருகில் இருக்கும் குன்றத்தூரைச் சேர்ந்த சேக்கிழார். சிவபெருமானுக்கே தோழரான சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விரும்புகிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று இறைவன் முன் சத்தியம் செய்ய வேண்டும். திருவாரூரில் பரவையார் இருக்கிறார், பிரியாமல் இருக்க முடியாது என்று சுந்தரருக்குத் தெரியும். தோழரிடம் போய், நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீங்கள் சன்னதியை விட்டு மகிழமரத்தடியில் போய் இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். சிவபெருமானும் சரி என்கிறார். சரி என்றவர் நேரே சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார்.

முதல் வாசிப்பில் எனக்குத் திக்கென்றது. தோழனின் ரகசியத்தைத் தோழனே போட்டுக்கொடுக்கிறான். நான் செய்ததும் இதுதானே? அப்படியானால் எனக்குத் துணை சிவபெருமானா? ஆறுதலைத் தேடித்தான் மேலே படித்தேன், அது கிடைக்கவில்லை. சிவபெருமான் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். அந்தப் பொய்ச் சத்தியத்தால் கெடப்போகிறவள் ஒருத்தி, அவளிடம் மட்டும் சொன்னார். நான் சொன்னவர்களுக்கு என் தோழியின் பொய்யால் ஒரு பைசா நஷ்டம் இல்லை. சொன்னதால் சிவபெருமானுக்கு உட்கார ஓர் இடம் கிடைக்கவில்லை. எனக்கு இடம் கிடைத்தது, முட்டை கிடைத்தது. அதற்கும் மேலே ஒன்று உண்டு. வாக்கு மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. அந்தத் தோழர் அதோடு விட்டுவிடவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கொடுக்கிறார். காஞ்சிபுரத்தில் இடக்கண்ணைத் தருகிறார், திருவாரூரில் வலக்கண்ணைத் தருகிறார். உண்மையை வெளியே சொன்னவர் அதன் விளைவு தீரும்வரை, ஊர் ஊராக, சுந்தரர் பாடின வசவையும் வாங்கிக்கொண்டு, கூடவே இருந்தார். நான் அன்று சாயங்காலம் குழாயடிக்குக்கூடப் போகவில்லை. அந்த மூன்று பாக்ஸில் ஒன்றையாவது நான் கழுவியிருக்கலாம்.

போன மாதம் என் அக்காவின் மகள் வந்திருந்தாள். அவளும் ஒன்பதாம் வகுப்பு. ஒரு தோழி வாட்ஸ்அப்பில் வைத்திருந்த ஸ்டேட்டஸ் படம் அவர்கள் வீட்டு மாடி இல்லை, அவர்கள் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருடைய மாடி என்று இவள் குரூப்பில் போட்டுவிட்டாளாம். “நான் இருக்கறதைத்தானே சித்தி சொன்னேன்?” என்றாள். அவள் குரலில் இருந்த நியாயம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. இங்கே இப்போது ஒவ்வொரு தெருவிலும் கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய மாடிகள் இருக்கின்றன. கட்டியவர்களின் பிள்ளையும் வாடகை கொடுப்பவர்களின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். “யாருக்காகச் சொன்னே?” என்று மட்டும் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். நானும் பின்னால் போகவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

ஜன்னலோரத்தில் எனக்குக் கிடைத்த இடம் அந்த வருஷம் முழுக்க நிலைத்தது. ஆனால் அங்கே யாரும் என்னிடம் எதையும் மனம்விட்டுச் சொல்லவில்லை. நான் வந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். என்ன வழியாக உள்ளே வந்தவள் என்பது அவர்களுக்கு மறக்கவில்லை. அதில் அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை.

அவள் என்னோடு காய் விடவில்லை. விட்டிருந்தால் என்றைக்காவது பழம் விட்டிருக்கலாம். அவள் பேசினாள். வீட்டுப்பாடம் கேட்டால் கொடுத்தாள். நான் பேனா மறந்த நாளில் பேனா கொடுத்தாள். அந்த விஷயத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று இப்போது சொல்வது எளிது.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால், மாங்காய்க் காலம் ஆரம்பிக்கும் நேரம், ஸ்டடி லீவுக்கு முந்தின நாள் என்று நினைவு. பள்ளிக்கூட வாசலில் பாட்டி கூடையில் மாங்காய் வைத்திருந்தாள். அவள் ஒன்று வாங்கினாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பழக்கத்தில் கையை நீட்டினேனா, அவளாகவே திரும்பினாளா, ஞாபகம் இல்லை. அவள் மாங்காயைத் துப்பட்டா முனையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். துணியோடு சேர்த்துக் கடித்து, உடைந்த பாதியை என்னிடம் நீட்டினாள்.

வாங்கித் தின்றேன். மிளகாய்த்தூளும் உப்பும் சரியாக இருந்தன. துணி நூலின் ருசி மட்டும் கொஞ்ச நேரம் நாக்கில் இருந்தது.